அக்கா உட்காரும் உயரம்

இடுப்பு மூட்டு மாற்றி அக்காவை வீட்டுக்கு அனுப்பும்போது பிசியோதெரபிப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே விதிதான். உட்காரும்போது இடுப்பு முழங்காலைவிடக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் புது மூட்டு நழுவிவிடும். நாற்காலியில் கெட்டியான மெத்தை போட்டோம். கட்டில் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்தோம். கழிப்பறைக்கு உயரமான இருக்கை வந்தது. எல்லாவற்றையும் உயர்த்திய பிறகு உயர்த்த முடியாமல் மிஞ்சியது கார் ஒன்றுதான்.

கார் அக்காவுடையது. கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடியபோது அத்தானுக்குக் கிடைத்த பணத்தில் சந்தாபுராவில் ஒரு வீடு கட்டினார்கள். மிச்சத்துக்கு அத்தான் யாரோ ஓட்டிக் கழித்த இந்தச் சின்னக் காரை வாங்கி வந்தார். அவர் போன பிறகு, வண்டி ஓட்டத் தெரியாத அக்கா சாவியை என் கையில் கொடுத்துவிட்டாள். அதற்கு ஒரே நிபந்தனை, ஞாயிற்றுக்கிழமை அவளை மாதா கோயிலுக்கு அழைத்துப்போக வேண்டும். நான் இருப்பது ஜோகுபாளையத்தில். அங்கிருந்து சந்தாபுரா போய் அவளை ஏற்றிக்கொண்டு கன்டோன்மென்ட் பக்கம் தமிழ்ப் பூசைக்கு வந்து, திரும்பக் கொண்டுபோய் விட்டு, நான் வீடு சேரும்போது சாப்பாடு ஆறிப்போயிருக்கும்.

“ஏன், சந்தாபுரா பக்கத்துல பூசையே கெடையாதா?” என்று என் மனைவி கேட்பாள். உண்டுதான். ஆனால் தங்கவயலிலிருந்து வந்து பெங்களூர் முழுக்கச் சிதறிப்போனவர்கள் வாரம் ஒருமுறை ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது அந்தக் கோயில் வாசலில்தான். சுரங்கக் குடியிருப்பில் ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்த பெண்கள் நாலைந்து பேர் பூசை முடிந்தபின் வேப்பமரத்தடியில் நின்று பேசுவார்கள். அக்காவுக்குப் பூசை பாதி, அந்த மரத்தடி பாதி. சாமியார் கேட்டால் வருத்தப்படுவார், ஆனால் உண்மை அதுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாளில், வாக்கர் என்கிற நடைச்சட்டத்தைப் பிடித்து அவள் வாசல்வரை நடக்கத் தொடங்கியதும், ஒரு வாடகைக் காரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அது உயரமான வண்டி, உட்காருவது சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். சந்தாபுரா சந்தை ரோட்டில் பின்னால் நின்ற வண்டியெல்லாம் ஹாரன் அடித்தது. டிரைவர், “பேக ஹத்தி அம்மா, பேக” என்று கன்னடத்தில் சீக்கிரம் ஏறச் சொல்லி அவசரப்படுத்தினான். டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அன்று கோயிலுக்குப் போய் வந்தோம். இறங்கியதும் அக்கா சொல்லிவிட்டாள்: “கண்டவன் பாக்க கால தூக்கி வெச்சி ஏர்றதுக்கு, நான் வூட்லயே செபமாலை சொல்லிக்கினு கெடக்கறேன். நம்ம வண்டியா இருந்தா வர்றேன். இல்லன்னா வுட்டுடு.”

நம்ம வண்டியில்தான் சிக்கல். அது தரையோடு தரையாகப் போகிற ஜாதி. இந்த ஊரில் கார் வாங்குகிறவன் எல்லாம் மாடி வீடு மாதிரி வண்டி வாங்குகிறான். எனக்கு அவற்றைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அன்று முதல்முறையாக எனக்கும் அப்படி ஒன்று இருந்திருக்கக் கூடாதா என்று பொறாமைப்பட்டேன். உள்ளே போய்விட்டால் பயமில்லை. முன்சீட்டைப் பின்னால் தள்ளிச் சாய்த்துவிட்டால் காலை நீட்டிக்கொள்ளலாம். தரையில் கால் ஊன்றி சீட்டில் இறங்குகிற அந்த ஒரு நொடியில்தான் ஆபத்து. அக்காவின் முழங்காலையும் சீட்டையும் அளந்து பார்த்தேன். இரண்டு விரல் உயரம் குறைந்தது.

இரண்டு விரல் கனத்துக்கு மெத்தை போட்டுப் பார்த்தோம். அக்கா உயரமான பெண், தலை கூரையில் இடித்தது. “தலைய குனிஞ்சிக்கினேவா கோயிலுக்குப் போறது? இன்னாடா பாவம் பண்ணேன் நான்?” என்று சிரித்தாள். ஒரு விரல் மெத்தை போட்டபோது தலை இடிக்கவில்லை. மீதி ஒரு விரலை வண்டிதான் கொடுக்க வேண்டும்.

டயர் யோசனை அப்போதுதான் எனக்கு வந்தது. வண்டியின் டயர்களும் வழுக்கைத் தலையாகி மாற்றச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தன. எப்படியும் மாற்றப்போகிறோம், கொஞ்சம் பெரிதாகப் போட்டால் வண்டி எழும்பிவிடாதா? ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்துக்கொண்டேன்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்களை அதுவரை நான் படித்ததே இல்லை. தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதியே ஓய்வுபெற்றவன் நான். எண்கள் என்றால் எனக்கு ஒரு சபலம் உண்டு. எங்கள் வண்டியில் நூற்று நாற்பத்தைந்து, எழுபது, பன்னிரண்டு என்று இருந்தது. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு ரப்பரின் உயரம் என்பது. கடைசி எண், உள்ளே இருக்கும் ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். ஒரே வரிசையில் மூன்று எண், மூன்றுக்கும் வேறு வேறு அளவு. இதைக் கண்டுபிடித்த மகராசன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அடுகோடியில் ஒரு டயர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல வாய்க்காரர். அளவைச் சொன்னதும், “பன்னெண்டு இஞ்ச்சா? அரே சார், அதெல்லாம் இப்ப மியூசியத்துல கேக்கணும்” என்றார். உள்ளே தேடி இரண்டு டயர் கொண்டுவந்தார். பக்கவாட்டில் எந்த வாரம், எந்த வருஷம் தயாரானது என்று நாலு இலக்கத்தில் பொறித்திருப்பார்கள்; அதைப் பார்த்தால் என் பணி ஓய்வுக்கு முன்னாலேயே அவை பிறந்துவிட்டன. ஓடாமலே கிழடான டயர்கள். வேண்டாம் என்றேன். “நல்ல ஸ்டாக் ஆர்டர் போட்டா வரும், லேட் ஆகும். எதுக்கு சார், பதிமூணு இஞ்ச் ரிம்ல ஏறிக்கங்க. டயர் எங்கயும் கெடைக்கும். வண்டியும் ஜம்முனு நிக்கும்.”

பதிமூன்று அங்குலத்தில் எது என்பது அடுத்த கேள்வி. நூற்று ஐம்பத்தைந்து, அறுபத்தைந்து என்றார் அவர். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பழைய சக்கரத்தைவிட இருபத்துநாலு மில்லிமீட்டர் கூடுதல் உயரம். அக்காவின் ஒரு விரலுக்கு மேலேயே. மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “வண்டி உக்காந்திருக்கறது சக்கரத்து தலை மேலயா, நடுவுலயா?” என்றாள்.

நடுவில். சக்கரம் இருபத்துநாலு வளர்ந்தால் வண்டி பன்னிரண்டுதான் எழும்பும். ஆயுள் முழுக்கக் கணக்கெழுதியவன் நடுவை மறந்துவிட்டேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் அரை விரலுக்குச் சற்று மேல், அது போதாது. அதனால் அதே அகலத்தில் அறுபத்தைந்துக்குப் பதில் எழுபது போடலாம் என்று முடிவு செய்தேன். அப்படியானால் வண்டி இருபது எழும்பும். “விரலுக்கேத்த வீக்கம் இருந்தா போதும்” என்றாள் மனைவி. எனக்குத் தேவைப்பட்டதே அந்த விரல்தான் என்று பதில் சொன்னேன்.

மொத்தச் சக்கரம் பழைய அளவிலிருந்து நூற்றுக்கு மூன்று பங்குக்குமேல் மாறக் கூடாது என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருந்தார்கள். மீறினால் வேகம் காட்டும் முள் பொய் சொல்லும், இழுவை குறையும், திரும்பும்போது டயர் மட்கார்டில் உரசலாம். என் கணக்கு ஏழைத் தாண்டியது. கடைக்காரரிடம் கேட்டேன். “ஒண்ணும் ஆவாது சார், எல்லாரும் போட்டுக்கினு ஓட்றாங்க” என்றார். சந்தேகம் வேண்டாம் என்று மாட்டியபின் என்னை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடிக்கச் சொன்னார். நான் ஒடித்தேன். அவர் குனிந்து சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டுக் காட்டினார். “பாருங்க, ஃப்ரீ.” எங்குமே உரசவில்லை. வண்டியில் நான் மட்டும் இருந்தேன். பக்கத்துச் சீட்டு காலி.

பழைய ரிம்களைப் பரணில் போட்டேன். அடுத்த ஞாயிறு சந்தாபுராவில் அக்கா வீட்டுக் கேட்டுக்குள்ளேயே வண்டியை ஏற்றி நிறுத்தினேன். அக்கா நடைச்சட்டத்தோடு வந்து, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, மெதுவாக இறங்கினாள். மெத்தை தொட்டது. முகத்தில் வலி இல்லை. ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள், இன்னொன்றையும் வைத்தாள். சுவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. “ஒக்காந்துட்டேன்டா!” என்றாள். அவள் கண் கலங்கியது. எனக்கும்தான். இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் கணக்குப் போட்டதில்லை.

ஓசூர் ரோட்டில் ஏற வலது பக்கம் திரும்பியபோது இடது முன் சக்கரத்திலிருந்து ‘கர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தது.

“இன்னாடா அது?”

“கல்லு எதனா மாட்டியிருக்கும்க்கா.”

நேர்ரோட்டில் சத்தம் இல்லை. ஒரு வேகத்தடை ஹம்ப் ஏறி இறங்கியபோது லேசாக வந்தது. கோயில் காம்பவுண்டில் வண்டியை முழுக்க ஒடித்து நிறுத்தும்போது, வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வந்தது. பூசை முழுக்க எனக்குப் பிரசங்கம் காதில் ஏறவில்லை. காலையில் கேட்ட அந்தச் சத்தமேதான் ஏறிக்கொண்டிருந்தது.

பூசை முடிந்து மரத்தடிப் பேச்செல்லாம் முடிந்தது. அக்கா சிரித்துச் சிரித்துப் பேசியதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். வண்டியில் ஏறிக் காலை உள்ளே வைத்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. நான் வண்டியை எடுத்து ஒடித்ததும் மறுபடியும் ‘கர்ர்’. அப்போதுதான் ஒரு பெரியவர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார்.

அவர் தங்கவயலில் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டைப் பராமரித்த ஃபிட்டர். சுரங்கம் மூடி வெகுகாலமாகியும் அவருக்கு இன்னும் டியூட்டி முடியவில்லை. கோயில் மின்விசிறியில் சத்தம் வந்தாலும் அவர்தான் முதலில் எழுந்து நிற்பார். தங்கவயல்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே என்ன கெட்டுப்போனாலும் நாலு பேர் கூடி, ஒருவர் சொல்ல மற்றவர்கள் செய்வார்கள். சொல்கிறவர் சொன்னால் ஏன் என்று கேட்பதில்லை. சுரங்கத்தில் அப்படிக் கேட்டுக்கொண்டு நின்றால் உயிர் போய்விடும், அதில் வந்த பழக்கம் அது.

“சத்தம் எதுல வருதுன்னு பாத்துடலாம்” என்றார் பெரியவர். “கூண்டுல சத்தம் வந்தா நாங்க இன்னா பண்ணுவோம்? மொதல்ல காலியா ஓட்டிப் பாப்போம். அப்பறம் ஆள ஏத்தி ஓட்டுவோம். அக்கா, ஒரு நிமிஷம் எறங்குங்க.”

நான் வாயெடுப்பதற்குள் அக்கா கதவைத் திறந்துவிட்டாள். அவளும் தங்கவயல்காரிதான். ஒவ்வொரு காலாகத் தூக்கி வெளியே வைத்தாள். யாரோ நடைச்சட்டத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எழுந்து ஓரமாக நின்றாள். அதற்குள் மரத்தடிக் கூட்டம் முழுவதும் வண்டியைச் சுற்றி வந்துவிட்டது.

“இப்ப ஒடிங்க.”

ஒடித்தேன். சத்தம் இல்லை. பெரியவர் தானே ஏறி உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர். சத்தம் இல்லை. அவர் இறங்கினார். “இப்ப நீங்க ஒக்காருங்க அக்கா.”

அக்கா மறுபடியும் முதுகைக் காட்டி நின்று, மறுபடியும் இறங்கி, மறுபடியும் காலைத் தூக்கி வைத்தாள். சந்தாபுரா டீக்கடையில் பார்த்தவர்கள் முகம் தெரியாதவர்கள். இங்கே நின்றவர்கள் எல்லாரும் அவளைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள். நான் ஒடித்தேன். ‘கர்ர்.’

“பாத்தீங்களா!” என்று பெரியவர் கையைத் தட்டினார். “லோடுதான்! லோடு ஏறினா ஒரசுது!”

நாலைந்து பேர் சிரித்தார்கள். அதில் துளியும் கெட்ட எண்ணம் கிடையாது. சத்தத்துக்குக் காரணம் தெரிந்துவிட்ட நிம்மதியில் வந்த சிரிப்பு. அக்காவும் சிரித்தாள். பெரியவர் என்னிடம் வந்து, டயர் ஒரு சைஸ் பெருசு, மாத்திடுங்க என்று அக்கறையாகச் சொன்னார். அவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்றுவரை அடங்கவில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

திரும்பும் வழியில் அக்கா ஒன்றே ஒன்று சொன்னாள்: “ஆஸ்பத்திரில படுத்துக்கினே இருந்தேனா, ஒடம்பு ஏறிப்போச்சு.”

“டயர் பெருசுக்கா. ஒன்னால இல்ல.”

“அதான் பாத்தேனே. அவரு ஒக்காந்தப்ப வரலியே.”

அடுத்த வாரம் வயிறு சரியில்லை என்றாள். அதற்கடுத்த வாரம் மழை வரும்போல இருக்கிறது என்றாள். பிறகு காரணமே சொல்லாமல், போனில் பூசை பார்த்துவிட்டதாகச் சொன்னாள். நான் நேரில் போனபோது ராத்திரிச் சோறு சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். கேட்டதற்கு, டாக்டர் சொன்னார் என்றாள். எந்த டாக்டரும் சொல்லவில்லை. மரத்தடிச் சிநேகிதிகள் ஒவ்வொருவராக எனக்குப் போன் செய்து, அக்கா ஏன் வருவதில்லை என்று கேட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

நடுவில் பிசியோதெரபிப் பெண் வந்து பார்த்தாள். மூட்டு நன்றாக இறுகிவிட்டது என்றாள். இனிமேல் கொஞ்சம் தாழ்வாக உட்கார்ந்தாலும் பயமில்லை, பழைய நாற்காலியே போதும், பழைய காரே போதும் என்றாள். அந்த விதி முதல் சில மாதங்களுக்குத்தானாம். பொறுத்திருந்தால் அந்த விரல் தானாகவே வந்திருக்கும். ரிம்மும் வேண்டாம், எழுபதும் வேண்டாம், கோயில் வாசலில் அந்தச் சோதனையும் நடந்திருக்காது. அன்று நான் பட்ட வருத்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒருவரைக் கையைப் பிடித்து மேடேற்றப் போய் நாமே கீழே தள்ளிவிட்டது போல இருந்தது.

அடுகோடிக்குப் போய்ப் புது ஸ்டாக்கில் பழைய அளவுக்கே ஆர்டர் கொடுத்தேன். நூற்று நாற்பத்தைந்து, எழுபது, பன்னிரண்டு. காத்திருந்து வாங்கினேன். பரணிலிருந்து பழைய ரிம்களை இறக்கித் துடைத்து அவற்றிலேயே மாட்டினேன். மாட்டியதும் கடைக்காரர் ஒடித்துப் பார்க்கச் சொன்னார். இந்தமுறை பக்கத்துச் சீட்டில் கடையில் இருந்ததிலேயே குண்டான ஆளை உட்காரச் சொன்னேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எங்கும் உரசவில்லை.

அக்காவிடம் போய் அழைத்தேன். வரமாட்டேன் என்றாள். வா, வண்டியையாவது பார் என்றேன். பெட்டி அடியில் கிடந்த பழைய செபமாலையை எடுத்து வைத்துக்கொண்டு கடைசியில் ஒரு ஞாயிறு கிளம்பினாள். கேட்டுக்குள்ளேயே ஏறினாள். மெத்தை வேண்டியிருக்கவில்லை. முதல் திருப்பத்தில் சத்தம் இல்லை. நான் வேண்டுமென்றே ஒரு ஹம்ப்பில் சற்று வேகமாக ஏறி இறங்கினேன். அப்போதும் இல்லை. “கேட்டியா? சத்தமே இல்ல” என்றேன். “ம்” என்றாள்.

ஓசூர் ரோட்டுக்கு வலது பக்கம் ஒடித்தபோது கடைக்கண்ணால் பார்த்தேன். அக்கா இரண்டு கைகளையும் சீட்டில் ஊன்றி, பல்லைக் கடித்து, உடம்பை ஒரு பிடி மேலே தூக்கிக்கொண்டிருந்தாள். திருப்பம் முடிந்ததும் மெதுவாக இறக்கினாள். இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டேன்.

“வலியெல்லாம் இல்லடா. வண்டிக்கி பாரம் கொறையட்டுமேன்னுதான்.”

கையை எங்கே ஊன்றினாலும் பாரம் அதே வண்டியில்தான் இருக்கும், ஒரு குன்றிமணியும் குறையாது. இது எனக்குத் தெரியும். அவளுக்கும் ஒருவேளை தெரிந்திருக்கலாம். நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் வருகிறாள். மரத்தடியில் சிரிக்கிறாள். நானும் எந்த வளைவையும் முடிந்த மட்டும் அகலமாக, ஸ்டியரிங்கை ஒடிப்பதே தெரியாதபடிதான் எடுக்கிறேன். போன ஞாயிறும் அப்படித்தான் எடுத்தேன். அக்கா கைகளை ஊன்றினாள்.